தூக்கத்தில் போன முதலாளி

“எங்கடா பார்த்தே அந்தப் பொண்ணை?”

அம்மா இதைக் கேட்டபோது குட்டியின் வாய் நிறைய பற்பசை நுரை. அதுவும் ஒரு வசதிதான். துப்பும் வரை யோசிக்கலாம். நிதானமாகத் துப்பினான். வாய் கொப்பளித்தான். மறுபடியும் கொப்பளித்தான்.

“குழாயை மூடு, தண்ணி வீணாகுது. எங்க பார்த்தே?”

குட்டி என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். ஆள் ஆறடிக்குக் குறையாது. மெத்தைக் கடையில் விற்பனையாளன். இரண்டு பேர் படுக்கும் மெத்தையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி மாடிப்படி ஏறிவிடுவான். ஆனால், அப்பா போன பிறகு தனியாக அவனை வளர்த்த அம்மாவின் முன்னால் நின்றால் அவன் குட்டியேதான். அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் காலமெல்லாம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். வந்து நிற்கிறவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, இவனுக்கு நிஜமான வயிற்றுவலியா, இல்லை ஆபீசுக்கு மட்டம் போட்டதற்குச் சான்றிதழ் தேடி வந்தவனா என்று கண்டுபிடித்துவிடுவாள்.

உண்மையைச் சொல்ல வழியில்லை. அந்தப் பெண்ணை அவன் பார்த்தது ஃபோனில், ஜோடி தேடும் ஒரு ஆப்பில். கீழ் வீட்டு அத்தையின் மகனும் அப்படித்தான் ஒருத்தியைப் பார்த்து, மாதக்கணக்கில் உருகி உருகிப் பேசி, பூங்கொத்தோடு நேரில் போய் நின்றான். அங்கே வந்தவருக்குப் பெரிய மீசை இருந்தது. அன்றிலிருந்து ‘ஆப்’ என்ற சொல் காதில் விழுந்தாலே அம்மா, “ஃபோன்ல பொண்ணு தேடறவன் அந்த ஃபோனையே கட்டிக்கட்டும்!” என்பாள்.

“சொல்லுடா.”

“ஒரு… சாவு வீட்டுல.”

ஏன் அப்படிச் சொன்னோம் என்று பிற்பாடு அவனுக்கே விளங்கவில்லை. கல்யாண வீடு என்றால் யார் கல்யாணம், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கிளறுவாள். சாவு வீட்டைப் பற்றி யாரும் அதிகம் துருவ மாட்டார்கள் என்று மூளையின் ஏதோ ஒரு மூலை கணக்குப் போட்டிருக்க வேண்டும். கணக்கு தப்பிவிட்டது.

“யார் சாவு?”

வாஷ்பேசின் விளிம்பில் வைத்திருந்த ஃபோன் உறுமியது. திரையில் ‘முதலாளி’ என்று எழுத்துகள் துள்ளின. குட்டியின் கண்ணில் பட்டது வாயிலும் வந்துவிட்டது.

“முதலாளி.”

“உங்க முதலாளியா? மெத்தைக் கடைக்காரரா?”

“ஆமாம்மா.”

அம்மாவின் தோளில் கிடந்த துண்டு நழுவித் தரையில் விழுந்தது. ஃபோன் விடாமல் உறுமியது. குட்டி அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

“எப்போ?”

“ஆச்சு… நாலு மாசம்.”

“நாலு மாசமா! ஒரு வார்த்தை சொல்லலியே?”

“உனக்குத்தான் அவரைத் தெரியாதே, வீணா எதுக்கு வருத்தணும்னு…”

“எப்படிப் போனார்?”

“தூக்கத்துல.”

மெத்தைக் கடைக்காரருக்கு அதைவிடப் பொருத்தமான முடிவு அவனுக்குத் தோன்றவில்லை. அம்மாவின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும், அறிமுகமில்லாதவருக்காக இப்படி இளகும் மனசா என்று அவனுக்கே சங்கடமாகிவிட்டது. பொய் சற்று நிஜமாக இருக்கட்டும் என்று இன்னொரு கரண்டி சேர்த்தான்.

“அவர் மனைவிதான் பாவம். அழுத கண்ணும் சிந்திய மூக்குமா இருந்தாங்க.”

“மனைவியா?” அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “மனைவி வேற இருக்காளா?”

“ஏம்மா, இருக்கக் கூடாதா?”

அம்மா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். குரலில் ஆஸ்பத்திரி மேஜையின் கறார் திரும்பியிருந்தது.

“அவர் ஃபோட்டோ ஏதாவது இருக்கா?”

கடையின் ஆண்டு விழாவில் எடுத்த படத்தைக் காட்டினான். ரிப்பனைக் கைது செய்வதுபோல் கத்தரிக்கோலுடன் முறைத்துக்கொண்டு நின்றார் முதலாளி. அம்மா படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். மூக்கு மட்டும் திரை முழுக்க வந்ததும் நிறுத்தினாள்.

“சரி. அந்தம்மாவை நான் நேர்ல பார்த்துத் துக்கம் விசாரிக்கணும். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போ. அப்புறம்தான் உன் கல்யாணப் பேச்சு.”

அந்தப் பெண் பிசியோதெரபிஸ்ட். ஊராரின் முதுகுகளை நிமிர்த்தி அனுப்புவது அவள் வேலை. ஆப்பில் அவள் அவனிடம் முதலில் கேட்டதே தொழில் கேள்விதான்: ‘முதுகுவலிக்கு எது நல்லது, ஸ்பிரிங்கா ஃபோமா?’ குட்டி யோசிக்காமல், ‘தரை’ என்று பதில் எழுதினான். முதலாளி பார்த்திருந்தால் அன்றே வேலை போயிருக்கும். ‘தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கிற ஆளை இப்பதான் பார்க்கறேன்’ என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டாள்.

முதல் சந்திப்பில், முதுகை எடை போடுவாளோ என்ற பயத்தில் டீக்கடை நாற்காலியில் சாயாமல், சுவரில் ஆணி அடித்து மாட்டியதுபோல் உட்கார்ந்திருந்தான். டீ ஆறி, பேச்சு ஓடி, பக்கத்து மேஜைகள் காலியான பிறகு அவள், “போதும், சாய்ஞ்சு உட்காரு. பரிசோதனை முடிஞ்சுது” என்றாள். கட்டினால் இவளைத்தான் என்று அவன் முடிவு கட்டியது அந்த நொடியில்தான்.

அன்று மத்தியானம், கடையின் பின்கட்டில் பிளாஸ்டிக் உறை போட்ட தலையணை மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு அவளுக்கு ஃபோன் செய்தான்.

“என்னைச் சாவு வீட்டுக்கு அனுப்பி வெச்சியா? நான் எதுக்கு அங்க போனேன்?”

“முதலாளிக்கு முதுகுவலி. நீதான் வைத்தியம் பார்த்தே.”

“என் வைத்தியத்துலதான் ஆள் போனாரா? என் பொழைப்புல மண்ணைப் போட்டுடாதே.”

“அப்போ அவர் மனைவிக்கு முதுகுவலின்னு வெச்சுக்கலாம்.”

“அவருக்குக் கல்யாணமே ஆகலைன்னு சொன்னியே?”

“இன்னிக்குக் காலையில பண்ணி வெச்சுட்டேன்.”

மறுமுனையில் பெருமூச்சு. “சரி, எங்க அப்பாகிட்டயும் இதையே சொல்லிடறேன். ரெண்டு வீட்டுலயும் ஒரே பொய்யா இருந்தாத்தான் பின்னாடி குழப்பம் வராது.”

குழப்பம் வராது என்று அவள் அன்று மனதார நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு விதவை வேண்டும். கடைக்கு மெத்தை உறை தைத்துக் கொடுக்கும் அக்காவிடம் போய் நின்றான் குட்டி. அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு முழுக் கதையையும் கேட்டாள். முகம் மலர்ந்துகொண்டே போனது.

“ஜிப் கோணல், ஜிப் கோணல்னு எத்தனை உறையைத் திருப்பி அனுப்பியிருப்பாரு அந்த மனுஷன்! அவர் இல்லாத உலகத்துல ஒரு நாளாவது இருந்து பார்க்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? நீ கவலைப்படாதே தம்பி. அழுது தீர்த்துடறேன்.”

அக்கா சொன்னபடியே செய்தாள். அம்மாவும் குட்டியும் ஆப்பிள் பையோடு உள்ளே நுழைந்தபோது, வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“கல்யாணமாகி எத்தனை வருஷம்?”

“இருபது.”

“இருபதா!” அம்மா மூச்சை இழுத்துப் பிடித்தாள். “உங்ககிட்ட அன்பா இருப்பாரா?”

“அன்பா? ஒரு நல்ல வார்த்தை உண்டா? எதைக் குடுத்தாலும் தையல் கோணல், ஜிப் கோணல்னு…”

குட்டி இருமினான்.

“…வாழ்க்கையே கோணல்னு புலம்பிட்டே இருப்பாரு” என்று அக்கா சமாளித்துக் கண்ணாடிக்குள் விரலை விட்டுத் துடைத்தாள்.

“தூக்கத்துலயே போயிட்டார்னு இவன் சொன்னான்.”

“ஆமாங்க. படுத்தார், அவ்வளவுதான். சத்தமே இல்லை.”

சரியாக அந்த நேரத்தில் உள் அறையிலிருந்து, மரம் அறுக்கும் மெஷினைப் போல ஒரு குறட்டை கிளம்பியது. அக்காவின் நிஜப் புருஷன் வாட்ச்மேன். வேலை முடிந்து வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழ மாட்டார்.

“உள்ள யாரு?” அம்மா எழுந்துவிட்டாள்.

குட்டிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கு ஒட்டவில்லை. “அவரோட தம்பிங்க. ரெட்டைப் பிறவி. அண்ணன் போனதுலேர்ந்து எனக்குத் துணையா இங்கதான் இருக்கார். மூக்கு, முழி, நடை எல்லாம் அச்சு அசல் அவரேதான். கேளுங்களேன், குறட்டை கூட அதே குறட்டை!” என்று சொல்லி, தன் கற்பனையில் தானே உருகி ஓவென்று அழுதாள்.

“நான் ஒரு எட்டு பார்த்துட்டு வரட்டுமா?”

குட்டி பாய்ந்து கதவை மறைத்தான். “அசந்து தூங்கறவரை எழுப்பக் கூடாதும்மா!”

அம்மா அவனையும் கதவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சரி. ஆனா ஒண்ணு. அந்த மனுஷன் சாவாலதானே இந்தச் சம்பந்தமே வந்தது? நிச்சயதார்த்தத்துக்கு இந்தம்மாவும் வரணும், அந்தத் தம்பியும் வரணும். அவங்க வராம மோதிரம் மாத்தக் கூடாது. சொல்லிட்டேன்.”

அம்மா முன்னால் இறங்கிப் போனதும் அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குட்டியின் கையைக் கிள்ளினாள். “எப்படி, பின்னிட்டேனா? எங்க வீட்டு ஆளையே தம்பியா அனுப்பி வெக்கறேன். சாப்பாடுன்னா வந்துடுவார்.”

“அக்கா,” என்றான் குட்டி சுரத்தில்லாமல், “அம்மாகிட்ட நான் முதலாளி ஃபோட்டோவைக் காட்டியிருக்கேன். நீங்க அச்சு அசல்னு சொல்லிட்டீங்க. இனிமே தம்பியா வர்றதுக்கு உலகத்துலயே ஒரு ஆள்தான் இருக்கார்.”

முதலாளியிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று அவன் ஒரு வாரம் தவித்தான். மனுஷன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கடைக்கு வருகிறவர்கள் மெத்தையில் படுத்துப் பார்த்து அப்படியே கண்ணயர்ந்துவிட்டால், பக்கத்தில் போய் நின்று பில் புத்தகத்தைச் சடசடவென்று புரட்டி எழுப்பி விற்றுவிடுவார். அவரிடம் போய், ‘சார், நீங்க செத்துட்டீங்க. ஆனா உங்க தம்பி உயிரோட இருக்கார்’ என்று எந்த வாயால் சொல்வது?

அந்தச் சிரமத்தைப் பெண்ணின் அப்பா மிச்சப்படுத்தினார். அவர் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் சங்கச் செயலாளர். தண்ணீர்த் தொட்டி கழுவிய செய்தியைக்கூட மைக் பிடித்து, தொண்டை தழுதழுக்க அறிவிப்பவர். இரட்டைத் தம்பியின் கதையையும் மகள் அவரிடம் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தைப் பார்க்கலாம் என்று முன்னறிவிப்பில்லாமல் கடைக்குள் வந்துவிட்டார். குட்டி அப்போது ஒரு குண்டு மெத்தையைச் சுருட்டி, அது விரிந்துவிடாமல் அதன் மேல் உட்கார்ந்திருந்தான்.

“நீங்க?” என்று பெண்ணின் அப்பா கல்லாவில் இருந்தவரைப் பார்த்துக் கேட்டார்.

“நான்தான் கடை முதலாளி. என்ன சைஸ் வேணும்?”

பெண்ணின் அப்பா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்கதான் தம்பியா? அண்ணன் போன துக்கத்தையும் தாங்கிக்கிட்டு, கடையையும் தாங்கறீங்களே! உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு.”

“எந்த அண்ணன்?”

குட்டி துள்ளி எழுந்தான். அடியில் இருந்த மெத்தை படாரென்று விரிந்து, அவனைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து போட்டது. “சார் இன்னும் அந்தச் சாவை ஏத்துக்கவே இல்லீங்க! யாராவது பேச்செடுத்தா இப்படித்தான், எந்த அண்ணன்னு கேட்பார்!”

பெண்ணின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேஜையைச் சுற்றி வந்து முதலாளியை இறுகக் கட்டிக்கொண்டார். இப்படி ஒரு அணைப்பு முதலாளிக்கு வெகுகாலமாகக் கிடைத்திருக்காது. சுருட்டி நிறுத்தி வைத்த மெத்தையைப் போல் விறைத்து நின்றார்.

அவர் போனதும் முதலாளி கதவில் ‘மூடப்பட்டுள்ளது’ பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். குட்டி நடந்ததை எல்லாம் கொட்டினான். முதலாளி கடைசியில்தான் வாயைத் திறந்தார்.

“நான் எப்படிச் செத்தேன்?”

“தூக்கத்துல சார்.”

“எந்த மெத்தையில?”

“நம்ம மெத்தையிலதான் சார். நீங்க வேற கடை மெத்தையில படுப்பீங்களா?”

“அறிவிருக்காய்யா உனக்கு? நம்ம மெத்தையில படுத்தவன் எழுந்திரிக்கவே இல்லைன்னு ஊர் பூரா சொன்னா வியாபாரம் என்ன ஆகும்? நாற்காலியில உட்கார்ந்தபடி செத்தேன்னு மாத்து.”

“மாத்திடறேன் சார்.”

“பொண்டாட்டி யாரு?”

“உறை தைக்கிற அக்கா.”

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். “ஒரு ஜிப்பை நேரா வைக்கத் தெரியாது. அவங்களையா எனக்குக் கட்டி வெச்சே?”

வேலை போயிற்று என்று குட்டி மனதுக்குள் கும்பிடு போட்டுவிட்டான். முதலாளி எழுந்து, தூணில் பதித்த கண்ணாடியில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“நிச்சயதார்த்தம் என்னிக்கு?”

“வர்ற ஞாயித்துக்கிழமை சார்.”

“வர்றேன்.”

“சார்?”

“செத்துட்டேன்ல, வேற என்ன வேலை எனக்கு?”

நிச்சயதார்த்தம் பெண்ணின் அடுக்குமாடிக் கட்டடத்தில், கீழ்த்தளத்துப் பொதுக்கூடத்தில் நடந்தது. பலூன் கட்டி, நாற்காலி வரிசைகள் போட்டு, நடுவில் மோதிரத் தட்டு வைத்திருந்தார்கள். உறை தைக்கும் அக்கா கறுப்புக் கண்ணாடியோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். சாப்பாடு உண்டு என்று தெரிந்ததும் அவள் புருஷனும் கிளம்பி வந்துவிட்டார். அவரை ‘டிரைவர்’ என்று அறிமுகப்படுத்திக் கடைசி வரிசையில், கேக் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தான் குட்டி. முதலாளி புதுச் சட்டையில் வந்தார். தலைக்குச் சாயம் பூசியிருந்தார். செத்தவரை விடத் தம்பி இளமையாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தார்போல என்று குட்டி எடுத்துக்கொண்டான்.

அம்மா நேராக வந்து அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“நீங்கதான் தம்பியா?”

“ஆமாங்க.”

“அண்ணன் செத்தப்போ எங்க இருந்தீங்க?”

“பக்கத்துலதாங்க.”

“அவருக்கு இப்படி ஒரு பொண்டாட்டி இருக்கிற விஷயம் உங்களுக்கு எப்போ தெரியும்?”

“இப்போ சமீபத்துலதாங்க.”

“ம்” என்றாள் அம்மா. அந்த ‘ம்’முக்கு ஆஸ்பத்திரியில் எத்தனையோ போலி நோயாளிகள் எழுந்து ஓடியிருக்கிறார்கள். முதலாளி ஓடவில்லை. கைக்குட்டையால் கழுத்தை மட்டும் துடைத்துக்கொண்டார்.

பெண் ஜன்னல் ஓரத்திலிருந்து குட்டியை ஜாடை காட்டி அழைத்தாள். “உங்கம்மா கண்டுபிடிச்சுட்டாங்கபோல. பேசாம உண்மையைச் சொல்லிடலாமா?”

“மோதிரம் மாத்தினதும் சொல்லிடலாம்.”

“போட்ட மோதிரத்தைக் கழட்டச் சொல்லிட்டா?”

அவன் பதில் சொல்வதற்குள் மைக் கீச்சிட்டது. பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார்.

“இந்த ரெண்டு இளம் உள்ளங்களைச் சேர்த்து வெச்சது ஒரு நல்ல மனிதரோட மறைவு. அவருக்காக எல்லாரும் எழுந்து நின்னு ஒரு நிமிஷம் மௌனமா இருப்போம்.”

கூடமே எழுந்து நின்றது. முதலாளியும் எழுந்து, எல்லோரையும் விட நன்றாகத் தலையைக் குனிந்துகொண்டார். மௌனம் முடிந்த பிறகும் பெண்ணின் அப்பா விடவில்லை. மறைந்தவரின் நேர்மை, உழைப்பு, ஊழியர்களிடம் காட்டிய கனிவு என்று, பார்த்தே இராத ஒருவரைப் பற்றி அடுக்கிக்கொண்டே போனார். விசும்பல் சத்தம் கேட்டு குட்டி திரும்பிப் பார்த்தால், அழுதுகொண்டிருந்தது முதலாளிதான். உயிரோடு இருக்கிற வரைக்கும் தன்னைப் பற்றி யாரும் இப்படி நாலு வார்த்தை சொன்னதில்லை என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லப் போய், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அழுகையைக் கண்டதும் பேச்சாளருக்கு ஆவேசம் வந்துவிட்டது.

“இங்க பாருங்க! துணையை இழந்துட்டு நிற்கிற ஒரு சகோதரி. தனிமரமா நிற்கிற ஒரு சகோதரர். ஒரே துக்கத்தைப் பகிர்ந்துக்கிட்டவங்க. இன்னிக்கு இதே கூடத்துல ஒண்ணுக்கு ரெண்டு நிச்சயமா நடத்தினா என்ன?”

கைதட்டல் எழுந்தது. பெண்ணின் அம்மா தன் விரல் மோதிரத்தையே கழற்றித் தட்டில் வைத்துவிட்டாள். யாரோ அக்காவைப் பிடித்து முதலாளியின் பக்கம் தள்ளினார்கள். அக்கா, “ஐயோ, இவரையா? காலம் பூரா ஜிப் பேச்சையா கேட்கறது?” என்று அலறினாள்.

“அதெல்லாம் கூடவே கூடாது!” அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் அது கவிழ்ந்தது.

அதே நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து, வாய் நிறைய கேக்கோடு ஒரு குரல் முழங்கியது.

“யோவ்! அவ என் பொண்டாட்டிய்யா!”

பெண்ணின் அப்பா மைக்கிலேயே கேட்டார். “நீங்க டிரைவர்தானே?”

“நான் வாட்ச்மேன்! இருபது வருஷமா அவளுக்குப் புருஷன்! நான் எப்போ செத்தேன்?”

கூடம் கப்சிப் என்றானது. சற்றுமுன் அனுசரித்த மௌனம் இதற்கு முன்னால் இரைச்சல். இதற்கு மேல் கொல்வதற்கு ஆளும் இல்லை, பிறப்பிப்பதற்குத் தம்பியும் இல்லை. குட்டி போய் மைக்கை வாங்கினான்.

“யாருமே சாகலீங்க. இவர்தான் எங்க முதலாளி. இவருக்குத் தம்பி கிடையாது, மனைவியும் கிடையாது. அந்தக்கா எங்க கடைக்கு உறை தைக்கறவங்க. நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டது ஒரு ஆப்ல. அம்மாவுக்குப் பயந்து நான் சொன்ன பொய் இது.”

பெண் வந்து அவன் பக்கத்தில் நின்றாள். “நானும் சேர்ந்துதான் சொன்னேன்ப்பா. ஆனா இவர் என்கிட்ட இதுவரைக்கும் ஒரு பொய் கூடச் சொன்னதில்லை. முதல் கேள்விக்கே உண்மையைத்தான் சொன்னார்.”

“இவ்வளவு உருக்கமா பேசினேனே,” என்றார் அவள் அப்பா, உடைந்த குரலில். “அத்தனையும் உயிரோட இருக்கிற ஆளுக்கா?” தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “பொய்யில ஆரம்பிச்ச சம்பந்தம் நமக்கு வேணுமான்னு மாப்பிள்ளையோட அம்மாதான் சொல்லணும்.”

எல்லாக் கண்களும் அம்மா பக்கம் திரும்பின. குட்டி கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்தில் நின்றவளின் விரல்கள் அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்தன. ஃபோனையே கட்டிக்கோ என்று அம்மா சபை நடுவில் சொல்லப் போகிறாள். இவளை இழந்துவிட்டு எந்த மெத்தையில் படுத்தாலும் இனித் தூக்கம் வராது.

“ஆப்ல பார்த்தா என்ன தப்பு?” என்றாள் அம்மா.

குட்டி கண்ணைத் திறந்தான்.

“ஃபோன்ல பேசினா மட்டும் மனசு பொய்யாயிடுமா? ஒருத்தனுக்கு மீசைக்காரன் வந்தான்னா, எல்லாருக்கும் மீசைக்காரனே வந்துடுவானா? தினம் நாலு வார்த்தை எழுதறதுலயே ஒரு ஆளோட குணம் தெரிஞ்சு போகும். செத்ததா நினைச்ச மனுஷர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கார். சந்தோஷப்படறதை விட்டுட்டு இது என்ன, முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு? அந்தத் தட்டை இப்படி நகர்த்துங்க.”

பெண்ணின் அப்பாவுக்கு எதிர்ப்பேச்சு பேசி வழக்கம் உண்டு. ஆனால் அந்த வரவேற்பு மேஜைக் குரலுக்கு எதிராகப் பேசத் தெம்பு இல்லை. தட்டு நகர்ந்தது. குட்டியின் கை வியர்த்து மோதிரம் விரல் மூட்டில் நின்றுவிட்டது. “கையை நேரா வை,” என்று கிசுகிசுத்தாள் அவள். “முதுகையும்தான்.” மோதிரம் ஏறியது. கைதட்டலில் வாட்ச்மேனின் விசில்தான் பலமாக இருந்தது.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும் குட்டி ஒரு தட்டில் கேக் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனான். அவர் மூலையில் தனியாக உட்கார்ந்து, தன்னைப் பற்றிய இரங்கல் உரையை அசைபோட்டுக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சுடுங்க சார். உங்களை ரொம்பப் படுத்திட்டேன்.”

“பரவாயில்லை, உட்காரு.”

“ஒண்ணு மட்டும் புரியல சார். ஆப்னு சொன்னாலே எரிஞ்சு விழற எங்கம்மா, எப்படி ஒரே நிமிஷத்துல இப்படி மாறிட்டாங்க?”

முதலாளி கேக்கை ஒரு வாய் தின்றார். கூடத்தின் அந்தக் கோடியில், கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்திக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவருக்கு வரிசையான பல் என்பது குட்டிக்கு அன்றுதான் தெரிந்தது.

“ஒரே நிமிஷத்துலயா? நீ பொண்ணு தேடின அதே ஆப்ல நானும் உங்கம்மாவும் ஒரு வருஷமா பேசிட்டிருக்கோம் தம்பி. நீ என்னைக் கொன்ன அன்னிக்கே அவங்க அறைக் கதவைச் சாத்திக்கிட்டு எனக்கு எழுதிட்டாங்க: ‘உயிரோட இருக்கீங்களா? இருந்தா, அந்தப் பொண்டாட்டி யாரு?’”